மல்லி பாலில் மஞ்சள் நிறம்

கீர்த்திக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. கிண்டியில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு மயிலாப்பூர் வீட்டில் இருந்தாள். வேலையை விட்டாலும் கை சும்மா இருக்கவில்லை. மிளகு வாங்கி வந்தால் பப்பாளி விதை மிதக்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். தேன் புட்டி வந்தால் ஒரு சொட்டை டம்ளரில் விட்டு அது கரைகிற விதத்தை உட்கார்ந்து கவனிப்பாள். ஒரு நாள் பால் சோதிக்கும் பெட்டி ஒன்றை இணையத்தில் வரவழைத்தாள். பால்மேல் சந்தேகம் எதுவும் இல்லை. அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ஆசைதான்.

அந்தக் குடியிருப்பில் பாதி வீடுகளுக்கு அன்புக்கரசிதான் பால் ஊற்றினாள். ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் அவளுக்குக் கொட்டகை. மூன்று மாடுகள். கறந்த கையோடு ஸ்கூட்டியில் கேன்களை மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள். குழந்தைக்கு ஒரே மாட்டுப் பால்தான் நல்லது என்று கீர்த்தியின் மாமியார் சரோஜாதேவி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், அந்த வீட்டுக்கு மட்டும் மல்லி என்ற மாட்டின் பால் தனித் தூக்கில் வரும்.

அந்தப் பாலைத்தான் கீர்த்தி சமையல் மேடையில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றினாள். மாவு இல்லை. சோப்பு இல்லை. சர்க்கரை இல்லை. கடைசிக் குழாயில் யூரியாவுக்கான மருந்தைச் சொட்டவிட்டாள். பால் மெல்ல மஞ்சளாகி, அப்படியே நின்றது.

"என்னம்மா இது, மஞ்சப்பால் மாதிரி?" என்று எட்டிப் பார்த்தாள் சரோஜாதேவி.

"யூரியா இருந்தா இந்த நிறம் வருமாம் அத்தை. இருங்க, இன்னொரு தடவை பார்க்கிறேன்."

இன்னொரு தடவை பார்ப்பதற்குள் சரோஜாதேவி தி.நகர் கடைக்குப் போன் போட்டுவிட்டாள். அங்கே ஜவுளிக் கடை வைத்திருந்த மாமனார் சுயம்புலிங்கம்தான் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும். பேத்தி குடிக்கிற பாலில் வயலுக்குப் போடுகிற உரம் என்று கேட்டதும் அவருக்கு ரத்தம் கொதித்தது. வாடிக்கையாளருக்குப் பிரித்துப்போட்ட புடவைகளை அப்படியே விட்டுவிட்டு, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி எழுதிப் போட்டார். மத்தியானக் கறவைக்குள் பல வீடுகள் பால் வேண்டாமென்று சொல்லிவிட்டன.

மறுநாள் காலை அன்புக்கரசி நேராக வீட்டு வாசலுக்கே வந்து நின்றாள். சுயம்புலிங்கம்தான் கதவைத் திறந்தார்.

"இன்னா சார், நான் பால்ல உரம் கலக்குறேன்னு சொல்லிக்கினீங்களாம்?"

"நான் சொல்லலம்மா. மருந்து சொல்லுது."

"எந்த மருந்து? எனுக்கும் காட்டு."

சண்டை வரும் என்று கீர்த்தி பயந்துகொண்டே குழாயை எடுத்து வந்தாள். அன்புக்கரசியோ அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எலுமிச்ச சாதம் மாதிரில்ல கீது! ஏம்மா, தண்ணி ஊத்துறவன் லாபத்துக்கு ஊத்துறான். உரத்தப் போட்டா எனுக்கு இன்னா வரும்?"

"தண்ணி கலந்தா பால் நீர்த்துப் போறது கருவியில தெரிஞ்சிடும் அக்கா. அதை மறைக்கச் சில பேர் யூரியா போடுவாங்களாம்."

"அப்பிடியா! இது இத்தினி நாளா எனுக்குத் தெரியாம போச்சே!"

சுயம்புலிங்கத்தின் முகம் சிவந்தது. அன்புக்கரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். "தமாசு இல்ல சார். என் பொழப்பே இதான். கீர்த்திமா, நீ மத்தியானம் கறக்குற நேரத்துக்கு வா. என் பாத்திரம் வாணாம். உன் குழாயக் கொண்டாந்து மடியிலேந்தே நேரா புடி."

"போகாதம்மா. ஏதாவது கண்கட்டு வித்தை காட்டுவா" என்றார் சுயம்புலிங்கம், அவள் போன பிறகு. கீர்த்தி போனாள். தன்னுடைய சோதனை இன்னொருத்தியின் வாடிக்கையைக் கெடுத்தது அவளை உறுத்தியது. அதைவிட, அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவளை உட்கார விடவில்லை.

கொட்டகை குறுகலாக இருந்தாலும் தரை கழுவிச் சுத்தமாக இருந்தது. ராணி, கறுப்பி, மல்லி என்று மூன்றும் வரிசையாக நின்றன. மல்லிதான் பெரியவள், பாலும் அதிகம். அன்புக்கரசி ஒவ்வொரு மாடாக மடியைக் கழுவ, கீர்த்தி குழாயை நீட்டினாள். ராணியின் பாலில் மருந்து விழுந்தது. நிறம் வந்தும் வராததுபோல ஒரு சாயல். கறுப்பியின் பாலும் அப்படியே. மல்லியின் மடியிலிருந்து நுரையோடு வந்த பாலில் மருந்தைச் சொட்டவிட்டதும் இரண்டு பேரும் தலையைக் குனிந்து பார்த்தார்கள்.

மஞ்சள். நேற்றைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே.

"மாடே உரம் போட்டுக் குடுக்குதா?" என்றாள் அன்புக்கரசி. அப்புறம் குரல் இறங்கியது. "ஏம்மா, மல்லிக்கு ஏதும் நோவா?"

கீர்த்திக்குத் தெரியவில்லை. அன்று மாலை வீட்டில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இணையத்தில் வாசித்துப் பார்த்தாள். எல்லாப் பாலிலும் இயற்கையாகவே கொஞ்சம் யூரியா உண்டு, மாட்டின் உடம்பே அதை உண்டாக்குகிறது என்று போட்டிருந்தது. கடையில் வாங்கிய பாக்கெட் பாலையும் சோதித்தாள். அதிலும் லேசான சாயல். ஆக, இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. மல்லிக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

"மாமா, அவங்க எதுவும் கலக்கல. மாட்டு உடம்புலயே அதிகமா உண்டாகுது" என்று மாமனாரிடம் சொன்னாள்.

"மாடு தானே உரம் தயாரிச்சு மடியில வச்சிருக்காக்கும்? ஊர்ல சொன்னா சிரிப்பாவ. நீ காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லு, நான் நம்புதேன்."

அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு கீர்த்தி மறுநாள் காலையே கொட்டகைக்குப் போனாள். மூன்று மாட்டுக்கும் ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே வைக்கோல், ஒரே தவிடு. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுவதும் ஒன்றுதான். "மல்லிக்கு மட்டும் ரெண்டு கை சேத்துப் போடுவேன், பால் ஜாஸ்தி குடுக்குறா இல்ல" என்றாள் அன்புக்கரசி. வேறென்ன வித்தியாசம் என்று இருவரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய புருஷன் சுப்புராயன் கயிற்றை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"நவுருமா. மல்லிய இட்டுக்கினு போவணும். இன்னிக்கி அமாவாச."

கீர்த்தியும் அன்புக்கரசியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாட வீதியில் பூஜைச் சாமான் கடை ஒன்றின் பக்கவாட்டில், கடைக்காரர் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் சுப்புராயன் காலை நேரத்தில் மல்லியைக் கட்டுவான். பக்கத்தில் சாக்கை விரித்து அகத்திக்கீரைக் கட்டுகளை அடுக்கிவைப்பான். கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு கட்டை வாங்கி, மாட்டுக்கு ஊட்டிவிட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். கீர்த்தி அன்று எதிர்ச் சாரியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று கவனித்தாள். தர்ப்பணம் முடித்து வந்தவர்கள், ஆபீஸ் போகிற வழியில் ஸ்கூட்டரை நிறுத்தியவர்கள், பள்ளிக்கூடச் சீருடையில் பரீட்சைக்குப் போகிற பெண்கள். ஒரு கட்டு முடியுமுன் அடுத்தது நீண்டது. மல்லியும் அலுக்காமல் வாங்கிக்கொண்டாள். வயிறு பக்கவாட்டில் புடைத்த பிறகும் நாக்கை நீட்டினாள்.

மத்தியானம் கொட்டகைக்குத் திரும்பிய மல்லி வைக்கோலை மோந்துகூடப் பார்க்கவில்லை. தவிட்டையும் ஒதுக்கினாள். புண்ணாக்குத் தண்ணீரை மட்டும் உறிஞ்சினாள்.

"கீரைதான்னு தோணுது அக்கா" என்றாள் கீர்த்தி.

சுப்புராயனுக்குச் சுருக்கென்றது. "அகத்திக்கீரையில உரம் கீதுன்றியா? அது சாமி சமாச்சாரம்மா. ஜனங்க புண்ணியத்துக்குப் போட்றாங்க. அது துன்னு மாடு கெடுமா?"

"கெடும்னு சொல்லலண்ணே. தெரியலன்னுதான் சொல்றேன்."

அந்த வாரமே கால்நடை மருத்துவர் சண்முகவடிவு வந்தாள். வேறு காரியமாகத்தான் வந்தாள். மல்லிக்குச் சினை ஊசி போட்டும் போட்டும் கரு நிற்கவில்லை. மறுபடி பருவத்துக்கு வந்திருந்தாள். ஊசியைப் போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றும்போது அன்புக்கரசி மஞ்சள் குழாயை அவள் முன்னால் நீட்டினாள். சண்முகவடிவு அதைப் பார்த்துவிட்டு, மல்லி என்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுத் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"மாட்டோட முதல் வயித்துல கோடிக்கணக்கான கிருமிங்க இருக்கு. நல்ல கிருமிங்க. அதுங்கதான் நமக்காகச் சமைக்குது. பந்தின்னு வச்சிக்கோங்க. கீரை, கடலைப் புண்ணாக்கு ரெண்டும் புரதம். அதுவும் சட்டுனு கரையற புரதம். குழம்புன்னு வைங்க. தவிடு, சோளம்லாம் சோறு. இலையில சோறே இல்லாம குழம்பை ஊத்திக்கிட்டே இருந்தா?"

"இலையத் தாண்டி ஓடும்" என்றாள் அன்புக்கரசி.

"அதேதான். கிருமிங்களால பிடிச்சு வைக்க முடியாம, புரதம் அம்மோனியாவா மாறி ரத்தத்துல கலந்துடும். அது விஷம். ஈரல் அதை யூரியாவா மாத்தி வெளிய அனுப்பும். மூத்திரத்துல கொஞ்சம், பால்ல கொஞ்சம். கர்ப்பப்பைக்கும் போகும். அங்க கரு தங்கறதுக்கு அது ஒத்துக்காதுன்னு சொல்றாங்க."

"அதனாலதான் சினை நிக்கலையா டாக்டர்?" என்று கேட்டாள் கீர்த்தி.

"இருக்கலாம். வேற நூறு காரணமும் இருக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன். மாத்திப் பாருங்க, நிறம் மாறுதான்னு பாருங்க. எனக்கும் சொல்லுங்க, தெரிஞ்சிக்கறேன்."

சுப்புராயன் ஒரு வாரத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டான். மல்லி வீட்டில் நிற்க, ராணியைக் கோயிலுக்குக் கூட்டிப் போனான். கீர்த்தி தினமும் மத்தியானம் வந்து குழாய்களில் பால் பிடித்தாள். நாலைந்து நாளிலேயே ராணியின் பால் மஞ்சளாகத் தொடங்கியது. அன்புக்கரசி கையைத் தட்டினாள். "பாத்தியா நைனா! உன் கீரதான்!" என்று புருஷனிடம் சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆனால் மல்லியின் மஞ்சள் முழுசாக இறங்கவில்லை. கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். கீர்த்திக்குக் குழப்பமாக இருந்தது. கீரைதான் காரணம் என்றால், கீரையை நிறுத்திய பிறகும் ஏன்? மருந்து கெட்டுவிட்டதோ என்று புதுப் பெட்டி வாங்கி மறுபடி பார்த்தாள். அதிலும் அதே நிறம். தொட்டியருகே குந்தியபடி, "அக்கா, இந்த வாரம் மல்லிக்குப் புதுசா எதுவும் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"புச்சா ஒண்ணும் இல்ல." அன்புக்கரசி கொஞ்சம் யோசித்தாள். "கீரைய நிறுத்துனதும் பாலு எறங்கிடுச்சிமா. பேஜாராயிட்டேன். அதுக்குன்னு கடலப் புண்ணாக்கு இன்னும் ரெண்டு கை ஏத்தினேன்."

சொல்லி முடிக்குமுன் அவளே தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயய்ய! ஒரு குழம்ப நிறுத்திட்டு இன்னொரு குழம்ப ஊத்திக்கினு கீறேன்."

சண்முகவடிவுக்குப் போன் போட்டார்கள். புரதமே வேண்டாம் என்றால் பால் வற்றிவிடும் என்றாள் அவள். எல்லாப் புரதமும் ஒன்றுபோல் கரைவதில்லை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் தேங்காய்ப் புண்ணாக்கும் முதல் வயிற்றில் அவ்வளவு சீக்கிரம் கரையாமல், நல்ல பங்கு அப்படியே கடந்து போய், பின்னால் குடலில் மாட்டுக்கே சேரும். கடலைப் புண்ணாக்கில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் இவற்றைப் போடலாம். கூடவே உடைத்த மக்காச்சோளம் வேண்டும், அதுதான் சோறு. ஆனால் எதையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது, வயிற்றுக் கிருமிகள் பழக வேண்டும் என்றாள்.

தேங்காய்ப் புண்ணாக்கு மயிலாப்பூரிலேயே ஒரு செக்குக் கடையில் கிடைத்தது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கையும் சோளத்தையும் சுப்புராயன் தீவனக் கடையில் வாங்கி வந்தான். மூக்கால் முனகிக்கொண்டேதான் வாங்கி வந்தான். அவனுக்குக் கவலை வேறு. கோயிலில் கீரையைக் குறைக்க வேண்டும். கட்டிலிருந்து நாலு கொத்து ஊட்டினால் போதும், மிச்சத்தை வைத்துவிட்டுப் போங்கள், வீட்டில் மூன்று மாட்டுக்கும் வைக்கோலோடு கலந்து கொடுக்கிறேன் என்று வருகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தான்.

"அதெப்படி? ஆத்துலேந்து இதுக்குன்னே வந்துண்டிருக்கேன். நான் வாங்கினதை நானேதான் ஊட்டுவேன்" என்றாள் ஒரு மாமி. "பசு வாயைத் திறந்துண்டு நிக்கறது, நீ வேண்டாங்கறயே!"

சுப்புராயன் கட்டை அவள் கையிலேயே விட்டுவிட்டான். அன்று சாயங்காலம் அன்புக்கரசி சோளக் குருணையைத் தவிட்டோடு பிசைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு பிடி மாவை எடுத்துக் கொழுக்கட்டைபோல் உருட்டினான். உருட்டியதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னாயா பண்ற?" என்றாள் அன்புக்கரசி.

"ஜனங்களுக்கு இன்னா வோணும்? கையால குடுக்கணும், மாடு துன்னணும். அவ்ளோதான?"

மறுநாள் சாக்கின்மேல் கீரைக் கட்டுகள் சின்னதாகின. பக்கத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் சோள உருண்டைகள், ஒவ்வொன்றின்மேலும் ஒரு வெல்லத் துணுக்கு. "கீரையோட ஒரு உருண்ட குடுங்க, பசு சந்தோசமா துன்னும்" என்றான் வருகிறவர்களிடம். மாமி உருண்டையை வாங்கி ஊட்டினாள். மல்லி அவள் கையை நக்கினாள். மாமிக்குச் சிலிர்த்துவிட்டது. "இன்னொண்ணு குடு" என்றாள். பிறகு மாடுகளுக்கும் முறை வைத்தான். ஒரு நாள் மல்லி, ஒரு நாள் ராணி, ஒரு நாள் கறுப்பி. ஒரே மாட்டுமேல் எல்லாப் புண்ணியமும் விழாமல் பார்த்துக்கொண்டான்.

மல்லி மறுபடி வைக்கோலைத் தின்றாள். இறங்கிய பால் ஏறியது. குழாயில் மஞ்சள் நாளுக்கு நாள் வெளுத்து, கடைசியில் மற்ற இரண்டு மாடுகளின் பாலோடு சேர்த்து வைத்தால் எது எது என்று கீர்த்திக்கே சொல்ல முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுயம்புலிங்கம் கொட்டகைக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாணத்தில் கால் படாமல் பார்த்துப் பார்த்து நடந்தார். தீவன மூட்டைக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்தார்.

"இது என்ன?"

"பருத்திக்கொட்டப் புண்ணாக்கு சார்."

"பஞ்செல்லாம் எங்க கடைக்கு, கொட்டை உங்க மாட்டுக்கா?" அவருக்கு அது பிடித்துப்போனது. ஆனாலும் விட்டுவிடவில்லை. குழாயைக் கீர்த்தியிடமிருந்து வாங்கித் தானே மல்லியின் மடியருகே குனிந்து பிடித்தார். மருந்தைத் தானே சொட்டவிட்டார். மஞ்சள் ஏறவில்லை. குழாயைக் கீர்த்தியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்று மாலை குடியிருப்புக் குழுவில் அவர் எழுதியதைக் கீர்த்தி அன்புக்கரசிக்கு வாசித்துக் காட்டினாள். பாலில் கலப்படம் இல்லை, தீவனத்தில் சமநிலை இல்லாததால் வந்த மாற்றம், இப்போது சரியாகிவிட்டது, தானே நேரில் சோதித்ததாக எழுதியிருந்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டாரு. எங்கையில ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள் அன்புக்கரசி.

மறுநாள் காலை அவள் தூக்கோடு வந்தபோது சுயம்புலிங்கம் வாசலில் காத்திருந்தார். தூக்கைத் தானே வாங்கிக்கொண்டார். "அவசரப்பட்டுட்டேன் தாயி. உன்னைக் கேட்டுட்டு எழுதியிருக்கணும். பேத்தி பால்னதும் புத்தி ஓடல" என்றார்.

அன்புக்கரசி தூக்கின் மூடியை அழுத்திவிட்டாள். "சரி உடு சார். மஞ்சளு வரலன்னா மல்லி வயித்துல இன்னா நடக்குதுன்னு எனுக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள். விட்டுப்போன வீடுகளில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. சில வரவில்லை. அவள் போய்க் கேட்கவும் இல்லை.

மல்லி மறுபடி பருவத்துக்கு வந்தபோது சண்முகவடிவு ஊசி போட்டிருந்தாள். இரண்டு மாதம் கழித்துப் பார்க்க வந்தாள். கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். சுப்புராயன் மல்லியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நிக்குது" என்றாள் சண்முகவடிவு.

சுப்புராயன் மாட்டின் கழுத்திலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்புக்கரசி கீர்த்தியின் கையைப் பிடித்து இறுக்கினாள்.

"அப்போ அந்தக் கீர சமாச்சாரத்தாலதான் இத்தினி நாளு நிக்கல, இல்லியா டாக்டரம்மா?" என்று கேட்டான் சுப்புராயன்.

"ஒரு மாட்டை வச்சு அப்படிச் சொல்லிட முடியாதுங்க. ஆனா எனக்கும் அப்படித்தான் தோணுது" என்று சொல்லிக் கையைக் கழுவப் போனாள்.

மத்தியானக் கறவை முடிந்து எல்லாருக்கும் டீ போட்டாள் அன்புக்கரசி. கீர்த்தி குழாய்களைக் கழுவிப் பெட்டியில் அடுக்கினாள். இனி இங்கே வர ஒரு காரணமும் இல்லையே என்று அவளுக்கு லேசாக வருத்தமாக இருந்தது. அன்புக்கரசி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, காய்ச்சி ஆறிய பால் பாத்திரங்களைக் குனிந்து பார்த்தபடி நின்றாள்.

"ஏம்மா கீர்த்தி, மூணும் இப்போ ஒரே தீனிதான துன்னுது? கறுப்பி பால்ல மட்டும் ஏன் ஆட இவ்ளோ கனமா கட்டுது?"

கீர்த்தி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தாள்.